மலாவி கிராம மருத்துவமனைக்கு மாற்று மின்சாரம்: டீசலா, பேட்டரியா, சோலாரா?

எத்தனை கே.வி.ஏ. ஜெனரேட்டர் வாங்கலாம் என்றுதான் வழக்கமாகப் பேச்சு தொடங்கும். அதைக் கடைசியில் கேட்பது நல்லது. கரண்ட் போனால் எந்த வேலை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது முதலில் தெரிய வேண்டும். சிசேரியனுக்கு வயிற்றைத் திறந்திருக்கும்போது தியேட்டர் விளக்கு ஐந்து வினாடிகூட அணையக் கூடாது. மூச்சுக்கு உதவும் பபிள் சிபாப் கருவியில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு ஒரு நிமிடமே அதிகம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டி நின்றுபோனால், கைக்கெட்டும் தூரத்தில் சிலிண்டர் இருக்கும்வரை ஆபத்தில்லை. நல்ல தடுப்பூசிக் குளிர்பெட்டி ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். மேல்நிலைத் தொட்டி நிரம்பியிருந்தால் தண்ணீர்ப் பம்பு நாளைக்கு ஓடினாலும் போதும்.

தெற்கு மலாவியில், முலாஞ்சே மலையடிவாரத்தில் 120 படுக்கை கொண்ட ஒரு மருத்துவமனையை வைத்தே கணக்கைப் போடுவோம். அந்த இடத்தின் சிக்கல்கள் மற்ற ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

மலாவியின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஷிரே என்ற ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. 2022 ஜனவரியில் ஆனா புயலின் வெள்ளம் அந்த ஆற்றின் கபிச்சிரா நீர்மின் அணையை உடைத்தபோது 129.6 மெகாவாட், அதாவது நாட்டின் உற்பத்தியில் ஏறக்குறைய 30 சதவீதம், ஒரேயடியாகப் போனது. அது திரும்பி வர 2023 ஆனது. அதே 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் முலாஞ்சே, பலோம்பே பகுதிகளைத் தாக்கியது. அப்போது சாலையும் பாலமும் மின்கம்பமும் சேர்ந்தே போயின. இன்னொரு பக்கம் டீசல். மலாவிக்குக் கடற்கரை கிடையாது, அந்நியச் செலாவணியும் போதவில்லை. 2022 முதல் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நிற்பது அடிக்கடி நடக்கிறது. கரண்ட் இல்லாத நாளும் டீசல் இல்லாத நாளும் ஒன்றாக வரக்கூடிய நாடு இது. திட்டம் போடும்போது மறக்கக் கூடாத விஷயம் இதுதான்.

ஆகவே இங்கே மின்வெட்டு இரண்டு வகை. ஒன்று, லோடு ஷெட்டிங் போல அடிக்கடி வந்து சில மணி நேரத்தில் போவது. மற்றது, எப்போதாவது வந்து நாள்கணக்கில் நீடிப்பது. இரண்டையும் ஒரே கருவியால் சமாளிக்கப் பார்க்கும்போதுதான் பணம் வீணாகிறது.

எது எவ்வளவு என்று அறிய நான்கு வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கரண்ட் போன நேரம், வந்த நேரம், வந்தவுடன் வோல்ட்மீட்டர் காட்டிய எண், இந்த மூன்றையும் இரவுப் பணி நர்ஸ் எழுதி வைக்க வேண்டும். கூடவே, சாக்கெட்டில் செருகும் யூனிட் மீட்டரை ஒவ்வொரு கருவியிலும் ஒரு நாள் மாட்டிப் பார்க்க வேண்டும். கருவியின் முதுகில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை நம்பிக் கூட்டினால் தேவை இரண்டு மடங்காகத் தெரியும். பச்சிளம் குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் வார்மரில் 600 வாட் என்று எழுதியிருக்கும். வெப்பநிலை எட்டிய பிறகு அணைந்து அணைந்து எரிவதால் சராசரி 300 வாட்தான் இழுக்கும்.

எங்கே போகிறது மின்சாரம்?

நிற்கவே கூடாத லோடுகளை மட்டும் ஒரு நாளுக்குக் கூட்டினால் ஏறக்குறைய இப்படி வரும். தியேட்டரில் எல்.இ.டி. விளக்கு, மானிட்டர், சளி உறிஞ்சும் கருவி, 10 லிட்டர் செறிவூட்டி எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவாட். 8 மணி நேரத்துக்கு 8 யூனிட். பச்சிளம் குழந்தைப் பிரிவில் ஒரு வார்மருக்கு 7 யூனிட், மஞ்சள் காமாலைக்கான நீல விளக்கு இரண்டுக்கு இரண்டரை. அதே பிரிவில் 5 லிட்டர் செறிவூட்டிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 350 வாட், இரவு பகலாக ஓடினால் 17 யூனிட். குழந்தைகள் வார்டில் இன்னும் இரண்டு, மறுபடியும் 17. ரத்த வங்கிப் பெட்டியும் பரிசோதனைக் கூடமும் 5. அறுபது எல்.இ.டி. பல்புகள் 12 மணி நேரத்துக்கு ஆறரை. கணினி முதலியவற்றுக்கு 2. மொத்தம் சுமார் 65 யூனிட்.

இதில் தியேட்டர் செறிவூட்டியையும் சேர்த்தால் ஆக்சிஜனுக்கு மட்டும் 38 யூனிட்டுக்கு மேல் போகிறது. ஆக, மாற்று மின்சாரம் என்ற பெயரில் நாம் வாங்கும் பேட்டரியில் பாதிக்கு மேல் ஆக்சிஜனுக்காகத்தான் வாங்குகிறோம். அதனால் டீசலா சோலாரா என்று பார்ப்பதற்கு முன் ஆக்சிஜனைப் பார்க்க வேண்டும்.

சிலிண்டரும் ஒரு பேட்டரிதான்

6,800 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டரை நிமிடத்துக்கு 5 லிட்டர் என்று திறந்தால் 22 மணி நேரத்துக்கு மேல் வரும். அதே வேலையைச் செய்யச் செறிவூட்டிக்கு 8 யூனிட் வேண்டும். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது 5.1 யூனிட். ஆகவே சுவரோரம் சங்கிலி போட்டு நிற்கும் ஒரு நிறை சிலிண்டர், ஒன்றரை லித்தியம் பேட்டரிக்குச் சமம். வால்வு கசியாதவரை அது ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். சூட்டினால் ஆயுள் குறையாது.

நிமோனியாவில் வரும் கைக்குழந்தைக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போதும் என்றால் அதே சிலிண்டர் 113 மணி நேரம், நான்கரை நாளுக்கு மேல், தாங்கும். ஃப்ரெடி மாதிரி ஒரு வாரம் வந்தால் காப்பாற்றுவது இதுதான்.

ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. நான்கு செறிவூட்டிகளின் முழு ஓட்டத்தையும் ஒவ்வொரு இரவும் சிலிண்டரில் தள்ளினால் 14 மணி நேரத்துக்கு இரண்டரை சிலிண்டர் காலியாகும். அவற்றை நிரப்பி வர லாரியும் டீசலும் வேண்டும். எனவே தினசரி வெட்டுக்குச் சிலிண்டர் சரிப்படாது, பேட்டரிதான் வேண்டும். நாள்கணக்கில் நீளும் இருட்டுக்குச் சிலிண்டர் பேட்டரியைவிட மலிவு. கூடவே ஃப்ளோ ஸ்ப்ளிட்டர் என்ற பிரிப்பானை மாட்டினால் ஒரே 5 லிட்டர் செறிவூட்டி ஐந்து குழந்தைகளுக்குப் போகும். குழந்தைகள் வார்டில் ஒரு கருவியை நிறுத்திவிடலாம். நாளுக்கு 8 யூனிட் மிச்சம். பேனல் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

செறிவூட்டியை மறுபடி ஓடவிட்டதும் முழுத் தூய்மைக்கு வரச் சில நிமிடம் பிடிக்கும். ஆகவே பேட்டரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஒவ்வொரு ஆக்சிஜன் படுக்கை அருகிலும் ரெகுலேட்டர் மாட்டிய ஒரு சிறு சிலிண்டரும் ஸ்பானரும் இருந்தாக வேண்டும். ஸ்பானர் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தால் சிலிண்டர் இருந்தும் இல்லாததுதான். ஸ்பானரைக் கயிறு போட்டுச் சிலிண்டரின் கழுத்திலேயே கட்டிவிடுங்கள்.

ஆக்சிஜனுக்குப் பொருந்தும் இந்த யோசனை மற்றவற்றுக்கும் பொருந்தும். கரண்ட் இருக்கும்போது, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவை ஓட்டி, சுத்தமான அறுவைக் கருவி டிரம்களை மூன்று நாளுக்குத் தயாராக வையுங்கள். ஆட்டோகிளேவின் 3 கிலோவாட்டைப் பேட்டரியில் ஏற்றுவது பெரிய வீண். தண்ணீரை உயரத்தில் 10,000 லிட்டர் தொட்டியில் ஏற்றி வையுங்கள். தடுப்பூசிக்கு, உள்ளே பனிக்கட்டிச் சுவர் கொண்ட குளிர்பெட்டி இருந்தால் உலக சுகாதார நிறுவனத் தரப்படி 43 டிகிரி வெயிலிலும் குறைந்தது 20 மணி நேரம் கரண்ட் இல்லாமல் குளிர் நிற்கும். பேட்டரியே இல்லாமல் பேனலில் நேரடியாக ஓடும் சோலார் குளிர்பெட்டி மூன்று நாள் தாங்கும். இவை எல்லாம் பட்டியலிலிருந்து இறங்கிய பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான தேவை.

டீசல் ஜெனரேட்டர் மட்டும்

இதற்குத்தான் முதல் செலவு குறைவு, எல்லோருக்கும் பழக்கமும் உண்டு. தொல்லை அளவில் இருக்கிறது. நன்கொடையாக வரும் ஜெனரேட்டர் பெரும்பாலும் மிகப் பெரிதாக இருக்கும். 30 கே.வி.ஏ., அதாவது 24 கிலோவாட், ஜெனரேட்டரில் இரவு லோடு 3 கிலோவாட்தான் என்றால் அது எட்டில் ஒரு பங்கு. அப்போதும் மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல் குடிக்கும். 30 சதவீதத்துக்குக் கீழ் நெடுநேரம் ஓடினால் இன்ஜின் சூடேறாது, எரியாத டீசல் புகைக்குழாயில் படியும். சைலன்சர் இணைப்பில் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு வழிவதைப் பார்த்தால் இதுதான் நடக்கிறது என்று பொருள்.

வெட்டு நாளுக்கு 6 மணி நேரம் என்றால் 15 லிட்டர். ஆண்டு முழுக்க அப்படியே போனால் 5,400 லிட்டருக்கு மேல். முழு இருட்டு என்றால் நாளுக்கு 60 லிட்டர். 200 லிட்டர் டிரம் ஒன்று மூன்று நாளைத் தாண்டியதும் காலி.

அவசர நேரத்தில் ஜெனரேட்டர் கிளம்பாததற்கு முதல் காரணம் ஸ்டார்ட்டர் பேட்டரி. சும்மா அளந்தால் 12.6 வோல்ட் காட்டும், சாவியைத் திருப்பினால் படுத்துவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்ட்டை அளக்க வேண்டும், 9.6க்குக் கீழ் இறங்கினால் மாற்றிவிட வேண்டும். இரண்டாவது காரணம் டாங்க் அடியில் சேரும் தண்ணீர். பாதி காலியாக நிற்கும் டாங்கில் இரவுக் குளிரில் நீர் கோக்கும். டாங்கை நிரப்பி வைத்து, மாதம் ஒருமுறை அடி வால்வைத் திறந்து வடிக்க வேண்டும். மூன்றாவது, 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றாதது. டீசல் திருட்டைக் கண்டுபிடிக்கக் காவலாளி தேவையில்லை. ஜெனரேட்டர் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரின் எண்ணையும் ஊற்றிய லிட்டரையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இரண்டரையாக இருந்த விகிதம் நான்கானால் காரணம் இன்ஜினில் இருக்காது.

லைனிலிருந்து சார்ஜ் ஆகும் பேட்டரி, பேனல் இல்லாமல்

நோட்டுப் புத்தகத்தில் வெட்டுகள் எல்லாம் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்து, நாளில் பத்து மணி நேரமாவது லைன் இருக்கிறது என்றால், முதலில் வாங்க வேண்டியது இதுதான். தியேட்டருக்கும் பச்சிளம் குழந்தைப் பிரிவுக்கும் 10 கே.வி.ஏ. இன்வெர்ட்டர், 15 யூனிட் லித்தியம் பேட்டரி போதும். கரண்ட் போனால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மாறும், மானிட்டர்கூட அணையாது. ஜெனரேட்டரால் இதைச் செய்ய முடியாது. எவ்வளவு நல்ல தானியங்கி என்றாலும் சில வினாடியாவது இருட்டு.

லைனின் கடைக்கோடியில் இருக்கும் கிராமத்தில் மாலையில் வோல்டேஜ் 230லிருந்து 170க்கு இறங்குவதுண்டு. இன்வெர்ட்டரின் கீழ் எல்லை 184 என்று இருந்தால், கரண்ட் இருந்தும் சார்ஜ் ஏறாது. பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருக்கும், பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. வாங்கும்போதே 150க்குக் கீழ் இறங்கக்கூடிய வரம்பு உள்ளதைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் முன்னால் ஸ்டெபிலைசர் வையுங்கள்.

ஈயமா லித்தியமா என்பதில் எங்கள் பதில் தெளிவு. மேலே சொன்ன முழு லோடுக்கும் மாலை 5 முதல் காலை 7 வரை, ஓர் அவசர சிசேரியனையும் சேர்த்து, சுமார் 35 யூனிட் வேண்டும். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால் 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி டியூபுலர் 32 வேண்டும்; ஒன்று 60 கிலோ என்றால் இரண்டு டன் அளவு. லித்தியம் அயன் பாஸ்பேட்டில் 80 சதவீதம்வரை எடுக்கலாம்; 5.1 யூனிட் பெட்டிகள் பத்து போதும். ஷிரே பள்ளத்தாக்கில் என்சாஞ்சே, சிக்வாவா போன்ற இடங்களில் அக்டோபர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகும். அதைவிட முக்கியம், ஈயம் மெதுவாகத்தான் சார்ஜ் வாங்கும். லைன் இரண்டே மணி நேரம் வந்துபோகும் நாளில் அது நிரம்பவே நிரம்பாது. அப்படி அரைகுறையாகவே கிடந்து, தகட்டில் சல்பேட் படிந்து சாகும்.

லித்தியத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. அடிமட்டம்வரை காலியானால் உள்ளிருக்கும் மின்னணுப் பலகை பேட்டரியைப் பூட்டிக்கொள்ளும். பிறகு லைன் வந்தாலும் சில இன்வெர்ட்டர்களால் அதை எழுப்ப முடியாது. ஆகவே 40 சதவீதத்தில் விளக்கு, கணினி லைன் தானாக விலகவும், 15 சதவீதத்தில் எல்லாம் நிற்கவும் அமைக்க வேண்டும். பிளான்டயர், லிலாங்வே போன்ற மலாவியின் பெரிய நகரங்களில் உதிரிப் பலகை கிடைக்காத பிராண்டை விலை குறைவென்று வாங்காதீர்கள்.

சோலாரும் பேட்டரியும்

65 யூனிட்டுக்கு, மோசமான மாதத்தில் 4 மணி நேர முழு வெயில், 30 சதவீத இழப்பு என்று வைத்தால் 23 கிலோவாட் பேனல் வேண்டும். 550 வாட் பேனல் 42; இடம் சுமார் 110 சதுர மீட்டர். பழைய தகரக் கூரை இதைத் தாங்காது, ஒவ்வொன்றும் 27 கிலோவுக்கு மேல். தரையில் சட்டம் நட்டு வேலி போடுவதே பாதுகாப்பு, கழுவவும் எளிது.

தமிழ்நாட்டில் பேனலைத் தெற்குப் பார்த்து வைத்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முலாஞ்சே பூமத்திய ரேகைக்குத் தெற்கே 16 டிகிரியில் இருக்கிறது. அங்கே பேனல் வடக்குப் பார்க்க வேண்டும், சரிவு 15 டிகிரி அளவில். வேறு கண்டத்திலிருந்து வரும் ஒப்பந்தக்காரர்கள் இதில் தவறுவது நடக்கக்கூடியதே.

இன்னொன்று சிப்பரோனி. மே முதல் ஆகஸ்ட்வரை மொசாம்பிக் பக்கமிருந்து வந்து முலாஞ்சே, தியோலோ தேயிலைத் தோட்டங்களை மூடும் குளிர்ந்த தூறலுக்கு அங்கே அந்தப் பெயர். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சூரியன் தலைகாட்டாது. பேனல் தன் திறனில் கால் பங்குகூடத் தராது. ஆண்டுச் சராசரி வெயிலை வைத்துப் போட்ட கணக்கு இங்கேதான் உடையும். அதற்காக மூன்று நாளுக்கான பேட்டரி வாங்கவும் கூடாது. ஆண்டில் சில நாளுக்காக மூன்று மடங்கு பணம் முடங்கும். அந்த நாட்களை டீசலுக்கு விடுங்கள்.

டீசலின் உண்மையான இடம் அதுதான். 30 கே.வி.ஏ. ஜெனரேட்டரை முக்கால் லோடில், 18 கிலோவாட்டில், ஓடவிட்டு, வார்டுகளை ஓட்டியது போக மிச்சத்தை லித்தியத்தில் ஏற்றினால் மணிக்கு ஐந்தரை லிட்டர் செலவில் 18 யூனிட் வரும். நாளுக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால் முழு நாள் தேவையும் தீர்ந்துவிடும்: 22 லிட்டர். மூன்று நாளில் தீர்ந்த அதே 200 லிட்டர் டிரம் இப்போது ஒன்பது நாள் வரும். ஈய பேட்டரியால் அந்த வேகத்தில் சார்ஜ் வாங்க முடியாது என்பதால் இந்தக் கணக்கு லித்தியத்துக்கு மட்டுமே. பாலம் உடைந்து லாரி வர முடியாத வாரத்தில் இந்த ஆறு நாள் வித்தியாசம் உயிர் வித்தியாசம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். முலாஞ்சே மலையில் போண்டோ கிராமத்தில் ஓடைநீரில் ஓடும் சிறு நீர்மின் நிலையம் இருக்கிறது. அப்படியொரு கம்பி அருகில் இருந்தால் இணைப்புக் கேளுங்கள், மருத்துவமனையே கட்ட இறங்க வேண்டாம். நைஜீரியாவில் இருட்டில் நடந்த பிரசவங்களைப் பார்த்து மகப்பேறு மருத்துவர் லாரா ஸ்டாக்கெல் உருவாக்கிய சோலார் சூட்கேஸ், அதாவது ஒரு பெட்டிக்குள் அடங்கும் சிறு சோலார் விளக்கு அமைப்பு, சிறு சுகாதார நிலையத்துக்கே பொருத்தம். மாவட்ட அளவிலான மருத்துவமனையில் பிரசவ அறையின் கடைசிக் காவலாக ஒன்றை வைக்கலாம்.

எதை முதலில் வாங்குவது?

பணம் ஒரே தடவை வராது. எங்கள் வரிசை இது: முதலில் சிலிண்டர், ஸ்ப்ளிட்டர், தண்ணீர்த் தொட்டி. அடுத்து தியேட்டருக்கும் பச்சிளம் குழந்தைப் பிரிவுக்கும் இன்வெர்ட்டரும் 15 யூனிட் லித்தியமும். ஏற்கெனவே உள்ள ஜெனரேட்டரை அதனோடு இணைப்பது மூன்றாவது. பேனல் அதற்குப் பிறகு, பத்துப் பத்துக் கிலோவாட்டாக. நாளில் பத்து மணி நேரம்கூட லைன் இல்லாத இடத்தில் மட்டும் பேனல் இரண்டாம் இடத்துக்கு வரும். என்சாஞ்சே பக்கம் சிப்பரோனி பெரிதாக இல்லை, வெயில் உறுதி. அங்கே பேனலை முன்னால் தள்ளி, பேட்டரி அறைக்குக் காற்றோட்டத்துக்கும் நிழலுக்கும் கூடுதலாகச் செலவழியுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் கம்பி வேலையில் நான்கு விஷயங்களை விடக் கூடாது. கரண்ட் திரும்பி வரும் நொடியில் எழும் வோல்டேஜ்தான் கருவிகளைச் சாகடிக்கிறது. ஐந்து நிமிடம் தாமதித்து இணைக்கும் டைமரும் மெயின் பெட்டியில், திடீரென எழும் வோல்டேஜை உறிஞ்சும் சர்ஜ் அரெஸ்டரும் வேண்டும். பேனல் பக்கம் தனி அரெஸ்டர், எர்த்தின் மின்தடை 10 ஓமுக்குக் கீழ். மலாவியின் மழைக்கால இடி சாதாரணமல்ல. லைனும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேர முடியாதபடி இயந்திரப் பூட்டுள்ள சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். இல்லையேல் வெளியே கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிருக்கு ஆபத்து.

நான்காவது சாக்கெட். நோயாளிக்குச் சமைத்துப் போட வந்திருக்கும் உறவினர்கள், அங்கே கார்டியன் என்பார்கள், போன் சார்ஜ் போட எங்காவது இடம் தேடத்தான் செய்வார்கள். இரவுப் பணியாளர் கெட்டில் போடுவார். 2 கிலோவாட் கெட்டில் ஒன்று இன்வெர்ட்டரை விழவைத்தால் வார்மரும் நிற்கும். திட்டுவதால் இது தீராது. மலாவியில் புழங்குவது சதுரக் கால் பிளக். பேட்டரி லைனில் மட்டும் உருண்டைக் கால் சாக்கெட் வைத்து, மருத்துவக் கருவிகளின் பிளக்கை அதற்கேற்ப மாற்றிவிட்டால் கெட்டில் உள்ளே போகவே போகாது. கார்டியன்களுக்கு வெளித் திண்ணையில் ஒரு சிறு பேனலோடு போன் சார்ஜ் பலகை தனியாகப் போட்டுக் கொடுங்கள். வார்டுக்குள் தேட மாட்டார்கள்.

மாதத்தில் ஒரு நாள், தியேட்டரில் நோயாளி இல்லாத காலை வேளையில், ஆக்சிஜன் படுக்கைகளில் சிலிண்டரைத் தயாராக வைத்துக்கொண்டு, மெயின் சுவிட்சை அணைத்துப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் பேட்டரியில், அரை மணி நேரம் ஜெனரேட்டரில், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு லோடோடு. எந்த விளக்கு அணைந்தது, எந்தக் கருவி கத்தியது, சிலிண்டர் ஸ்பானர் கயிற்றில் இருந்ததா என்று அதே நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தேதி போட்டு, பொறுப்பு நர்ஸ் கையெழுத்திட வேண்டும்.